வாசல்ல குவியுற செருப்பும் டிசைன் பேட்டர்னும்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

எங்க ஏரியால ஒரு கிளினிக் இருக்கு. வாசல் சுவத்துல "காலணிகளை ஸ்டாண்டில் விடவும்"னு போர்டு. அந்த ஸ்டாண்டு அங்கருந்து நாலு எட்டு தள்ளி காம்பவுண்டு ஓரமா நிக்கும், அதுல ரெண்டே ரெண்டு ஜோடி இருக்கும், ஒண்ணு டாக்டரோடது இன்னொண்ணு கம்பவுண்டரோடது. மிச்சம் முப்பது ஜோடியும் கதவுக்கு நேரா குவிஞ்சு கிடக்கும், உள்ள போறவங்க அதைத் தாண்டித் தாண்டி, சில சமயம் மிதிச்சுக்கிட்டே போவாங்க. போர்டை மூணு தடவ மாத்திட்டாங்க, கடைசியா வந்தது செவப்பு எழுத்துல ரெண்டு ஆச்சரியக்குறியோட. குவியல் அப்படியே தான் இருக்கு.

"நம்ம ஜனத்துக்கு டிசிப்ளின் இல்லப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம், நானும் ரொம்ப நாள் அதத்தான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா அதே ஜனம் வேற சில வாசல்ல போர்டே இல்லாம வரிசையா கழட்டி விட்டுட்டுப் போறாங்க. அப்போ சிக்கல் ஆளுங்கள்ட்ட இல்ல, வாசல்ல இருக்கு. இந்த மாதிரி ஊர் ஊரா திரும்பத் திரும்ப வர்ற ஒரு சிக்கல், அது ஏன் வருது, எந்த மாதிரி அமைப்பு வச்சா அடங்குது, இதை அடுத்தவனும் எடுத்து உபயோகிக்கிற மாதிரி எழுதி வச்சா அதுக்குப் பேர் தான் பேட்டர்ன். அந்த மாதிரி பல பேட்டர்ன் ஒண்ணோட ஒண்ணு கோத்து நின்னா பேட்டர்ன் லாங்குவேஜ்.

நான் இதுக்குள்ள வந்தது சாஃப்ட்வேர் வழியா, அதாவது இன்டர்வியூவுக்கு 23 டிசைன் பேட்டர்ன் பேரை மனப்பாடம் பண்ண வழியா, அது எவ்வளவு தப்பான வழின்னு புரியவே எனக்கு ஆறேழு வருஷம் ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேணாம்னு தான் இதை எழுதுறேன். நீங்க வீடு கட்டுறவரா இருந்தாலும் சரி, ஆப் பண்றவரா இருந்தாலும் சரி, படிகள் ஒண்ணு தான். உதாரணத்துக்கு அந்த செருப்பையே கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போறேன், பொறுத்துக்கோங்க.

கொஞ்சம் பூர்வீகம்

இதை ஆரம்பிச்சு வச்சவர் கிறிஸ்டஃபர் அலெக்ஸாண்டர்ங்கிற ஆர்க்கிடெக்ட். 1936-ல வியன்னாவுல பிறந்து, இங்கிலாந்துல வளந்து, கேம்பிரிட்ஜ்ல கணக்கும் கட்டடக்கலையும் படிச்சு, ஹார்வர்ட்ல டாக்டரேட் வாங்கி, அப்புறம் கலிஃபோர்னியாவுல பெர்க்லி யூனிவர்சிட்டில பல வருஷம் பாடம் எடுத்தவரு. 2022-ல தான் காலமானாரு. ஆராய்ச்சிக்கு அவர் உதாரணமா எடுத்தது குஜராத்ல ஒரு சின்ன கிராமம், இது நிறைய பேருக்குத் தெரியாது. அந்த ஊருக்கு என்னென்ன வேணும்னு 141 தேவைய வரிசையா எழுதினாரு, தண்ணி, மாடு, சாதிப் பிரிவு, நிலம்னு எல்லாம் அதுல வரும், அப்புறம் எது எதோட மோதுது, எது எதோட ஒட்டுதுன்னு பாத்து, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு கொத்து கொத்தா பிரிச்சாரு. 1964-ல அது புத்தகமாவும் வந்துச்சு. ஆனா சில வருஷத்துலயே அவரே, இந்தக் கணக்கு முறைய கண்ண மூடிட்டு பின்பத்துனா யாரும் நல்ல டிசைனர் ஆக மாட்டாங்க, அந்தக் கொத்து ஒவ்வொண்ணுக்கும் நான் போட்ட சின்னச் சின்னப் படம் இருக்கே அதுல தான் விஷயம் இருக்குங்கிற மாதிரி மாத்திச் சொல்லிட்டாரு. தன்னோட தீசிஸையே இப்படி ஓரமா வைக்க ஒரு தைரியம் வேணும்.

அந்தச் சின்னப் படங்கள் வளந்து தான் 1977-ல அவரும் சாரா இஷிகாவா, மர்ரி சில்வர்ஸ்டீன் முதலானவங்களும் சேர்ந்து போட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' ஆச்சு. மொத்தம் 253 பேட்டர்ன். முதல்ல ஊர், வட்டாரம் அளவுல ஆரம்பிச்சு, தெரு, வீடு, அறை, ஜன்னல்னு இறங்கி இறங்கி, 253-வது பேட்டர்ன்ல உங்க வாழ்க்கைல முக்கியமான பொருட்கள சுவத்துல மாட்டி வைங்கங்கிறதுல வந்து முடியும்.

முதல் படி: எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு படிங்க

முழுசா படிக்கணும்னு அவசியமில்ல, அது ஆயிரம் பக்கத்துக்கு மேல, செங்கல் சைஸ். 167-வது எடுத்துக்கோங்க, ஆறடி பால்கனி. சொல்ற விஷயம் இவ்வளவு தான், ஆறடிக்குக் கம்மியா ஆழம் இருக்குற பால்கனிய யாரும் பெருசா பயன்படுத்துறதில்ல. ஏன்னா நாலு பேர் ஒரு சின்ன டேபிள சுத்தி நாற்காலி போட்டு கால நீட்டி உக்காரணும்னா அவ்வளவு இடம் தேவை, அதுக்குக் கொறஞ்சா எல்லாரும் பஸ் சீட்டு மாதிரி வரிசையா வெளிய பாத்து உக்காரணும், பேச்சு ஓடாது. அதனால குறைஞ்சது ஆறடி விடு, முடிஞ்சா பால்கனிய முழுசா வெளிய நீட்டாம கொஞ்சம் கட்டடத்துக்கு உள்ள தள்ளி வை. அவ்வளவு தான். நம்ம ஃபிளாட்டுங்கள்ல மூணடி பால்கனில என்ன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, துணிக்கொடி, வாஷிங் மெஷின், காத்து இல்லாத சைக்கிள். (துணி காயப்போடுறதும் பயன்பாடு தானேன்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்வி, அதுக்குக் கீழ வர்றேன்.)

அடுத்து 159, ரெண்டு பக்கம் வெளிச்சம் வர்ற ரூம். ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் இருக்குற ரூமையும் ரெண்டு பக்கம் ஜன்னல் இருக்குற ரூமையும் வச்சா ஜனங்க தானா ரெண்டாவதுக்குத் தான் போவாங்கன்னு சொல்றாரு. அவர் சொல்ற காரணம் தான் எனக்குப் புடிச்சது. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்னா ஜன்னல் கண்ணக் கூசும், எதிர்ல உக்காந்திருக்கவங்க முகம் இருட்டா தெரியும், முகத்துல ஓடுற சின்னச் சின்ன மாத்தம் கண்ணுக்குத் தெரியாது, அதனால ஒருத்தர ஒருத்தர் சரியா புரிஞ்சுக்க முடியாது. ஜன்னல்ல ஆரம்பிச்சு மனுஷ முகத்துக்கு வந்துட்டாரு பாருங்க.

படிக்கும்போது ஒவ்வொரு பேட்டர்னும் எப்படிக் கட்டியிருக்குன்னும் கவனிங்க. எல்லாத்துக்கும் ஒரே அமைப்பு தான். மேல ஒரு ஃபோட்டோ. அப்புறம் ஒரு பாரா, இது எந்தப் பெரிய பேட்டர்னுக்கு உதவி பண்ணுதுன்னு. அப்புறம் தடிச்ச எழுத்துல சிக்கல். அப்புறம் நீளமா காரணம், சாட்சி, சண்டை எல்லாம். அப்புறம் ஒரு வார்த்த தனியா நிக்கும், 'அதனால'. அதுக்குக் கீழ தடிச்ச எழுத்துல தீர்வு, கையால போட்ட ஒரு சின்னப் படம், கடைசியா இதை முழுசாக்குற சின்னப் பேட்டர்ன்களோட பேரு. தலைப்புக்குப் பக்கத்துல சிலதுல நட்சத்திரம் இருக்கும். ரெண்டு நட்சத்திரம்னா இதுல எங்களுக்கு நல்ல நம்பிக்கை இருக்கு, ஒண்ணுன்னா பாதி கிணறு தாண்டியிருக்கோம், ஒண்ணுமே இல்லன்னா இது இன்னும் ஊகம் தான், வேற வழியும் இருக்கலாம். புத்தகம் எழுதுறவங்க தன் சரக்குக்குத் தானே கொறச்சு மார்க் போட்டு நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

ரெண்டாவது: மூணு தடவ பாக்காம எழுதாதீங்க

பேட்டர்ன் எழுதுறவங்க மத்தில ஒரு பழக்கம் உண்டு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு இடத்துல பாத்தா தான் அதைப் பேட்டர்ன்னு சொல்லணும். ஒரு தடவ பாத்தது சம்பவம். ரெண்டு தடவ தற்செயலா இருக்கலாம். இது ரொம்ப நல்ல கட்டுப்பாடு, ஏன்னா நமக்கெல்லாம் நேத்து ராத்திரி தோணுன ஐடியாவ உலகத்துக்கே விதியா அறிவிக்கணும்னு கை துறுதுறுங்கும்.

நான் கிளினிக்ல ஆரம்பிச்சேன், டோக்கன் 34, உள்ள ஓடிட்டு இருந்தது 9, நேரத்துக்கா பஞ்சம். அப்புறம் பையன் போற டியூஷன் சென்டர், எங்க அபார்ட்மென்ட் மாடிப்படி, ஒரு சின்னக் கோயில், சித்தப்பாவோட பழைய வீடு. யாரையும் போய் "ஏன் இங்க விடுறீங்க"ன்னு கேக்கல, கேட்டா மூஞ்சி சுருங்கும், இல்ல மன்னிப்பு கேட்டு எடுத்து ஸ்டாண்டுல வைப்பாங்க, ரெண்டுலயும் உண்மை வராது. சும்மா உக்காந்து பாருங்க. எங்க நிக்கிறாங்க, எந்தக் கால முதல்ல தூக்குறாங்க, கை எதப் புடிக்குது. கால் மணி நேரத்துக்குள்ள நீங்க நெனச்சிட்டு வந்த காரணத்துல பாதி காலியாகும்.

மூணாவது: இழுபறிய எழுதுங்க (இங்க தான் வேலையே)

மொத்தக் கட்டுரைலயும் ஒரே ஒரு விஷயம் தான் மனசுல நிக்கணும்னா அது இது. அலெக்ஸாண்டர் கூட்டம் இதை 'ஃபோர்ஸஸ்'னு சொல்லும், நான் இழுபறின்னு சொல்றேன், ஒரு இடத்துல ஒண்ணுக்கொண்ணு எதிரா இழுக்குற தேவைங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் நேரா தீர்வுக்குத் தாவிடுவாங்க. சிக்கல் ஒரு வரி, தீர்வு பத்து பக்கம். அது தலைகீழ், சிக்கல எழுதுறதுக்குத் தான் பக்கம் வேணும், அது சரியா வந்துட்டா தீர்வு பல சமயம் தானா வந்து கதவத் தட்டும்.

செருப்புக்கு நான் எழுதி வச்சது இது, நோட்ல இருந்தபடியே:

வெறுங்கால்ல அழுக்குத் தரைல நடக்க யாருக்கும் புடிக்காது. அதனால எந்த இடத்துக்கு அடுத்த எட்டு சுத்தமான தரையோ அந்த இடத்துல தான் கழட்டுவாங்க, ஒரு எட்டு கூட முன்னாடி இல்ல. ஸ்டாண்டு நாலு எட்டு தள்ளி இருந்தா அங்க கழட்டிட்டு நாலு எட்டு மண்ணுல வெறுங்கால்ல வரணும், எவன் வருவான்?

ஆனா எல்லாரும் அந்த ஒரே எட்டுல தான் கழட்டுறாங்க, அதனால அங்க தான் அடைப்பு. கதவுக்கு வழி வேணும்ங்கிறதும் கதவுகிட்டயே கழட்டணும்ங்கிறதும் நேருக்கு நேர் மோதுது.

கை காலியா இருக்காது. குழந்த, ஃபைல், மாத்திரைப் பை, ஹெல்மெட். குனிஞ்சு எடுத்து வைக்கிற எந்த ஏற்பாடும் தோத்துப் போகும், காலாலயே தள்ளி விடுற மாதிரி இருந்தா தான் நடக்கும்.

வயசானவங்களுக்கும் வார் வச்ச செருப்பு போட்டவங்களுக்கும் ஷூ போட்டவங்களுக்கும் ஒத்தக் கால்ல நிக்க முடியாது, கை சுவத்தத் தேடும். கிளினிக் சுவத்துல கதவுக்கு வலது பக்கம் இடுப்பு உயரத்துல ஒரு அழுக்குத் திட்டு இருக்கு, பல வருஷமா பல கை ஒரே இடத்துல ஊணுனது. அந்தத் திட்டப் பாத்ததும் தான் எனக்கு இந்த இழுபறியே தோணுச்சு.

விட்டுட்டுப் போன ஜோடி அதே இடத்துல திரும்பக் கிடைக்கணும். நாய் தூக்கிட்டுப் போகும், மாறிப் போகும், திருடும் போகும். அதனால உள்ள உக்காந்தா கண்ணுக்குத் தெரியணும். காம்பவுண்டு ஓரத்து ஸ்டாண்டு வெயிட்டிங் ஹால்ல இருந்து தெரியாது. (டாக்டரும் கம்பவுண்டரும் மட்டும் ஏன் அங்க விடுறாங்கன்னா, அவங்க பின்பக்கக் கதவு வழியா வர்றாங்க, அவங்களுக்கு அந்த ஸ்டாண்டு பக்கம்.)

மழை பேஞ்சா நனையக் கூடாது. வெயிலடிச்சா சுடக் கூடாது.

பாத்தீங்களா, இதுல "டிசிப்ளின்"ங்கிற வார்த்தையே வரல. எல்லா இழுபறியும் கேள்வி கேட்டா பதில் சொல்ற மாதிரி, யார் வேணா போய் நின்னு சரி பாக்குற மாதிரி இருக்கணும். "பயனருக்கு வசதியாக இருக்க வேண்டும்"னு ஒரு வரி எழுதுனீங்கன்னா அதைக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி போய் உக்காந்து பாருங்க.

நாலாவது: 'அதனால'

தீர்வு எழுதும்போது ரெண்டு பக்கமும் பள்ளம். ஒரு பக்கம், "வாசலை ஒழுங்காக அமைக்கவும்", இது சாமியார் அருள்வாக்கு. இன்னொரு பக்கம், "மூணடிக்கு ரெண்டடி, பிரவுன் கிரானைட், நாலு தட்டு ஸ்டீல் ரேக்", இது கொட்டேஷன். பேட்டர்ன் ரெண்டுக்கும் நடுவுல. நூறு வாசல்ல நூறு விதமா கட்டலாம், ஆனா எல்லாத்துலயும் அதே இழுபறி அடங்கணும்.

என்னோட முதல் வெர்ஷன்: அதனால, அழுக்குத் தரையும் சுத்தத் தரையும் சேர்ற கோட்ட ஒரு படி உயரத்தால கண்ணுக்குத் தெரியிற மாதிரி வை. அந்தக் கோடு கதவு அகலத்த விட ரெண்டு மூணு மடங்கு நீளமா இருக்கட்டும், அப்ப தான் கழட்டுற இடமும் நடக்குற வழியும் பிரியும். கோட்டுக்குக் கீழ, காலால தள்ளி விடுற மாதிரி திறந்த மாடம். மேல கூரை. அந்தப் படியே உக்காந்து கழட்டுறதுக்கும் ஆகட்டும்.

ஜப்பான்ல வீடுங்கள்ல வாசலுக்கு உள்ள 'கென்கான்'னு ஒரு இடம் இருக்கும், தரைமட்டம் தாழ்வா இருக்கும், அங்க கழட்டிட்டு ஒரு படி ஏறி உள்ள போவாங்க. அவங்களும் இதே இழுபறிக்குத் தான் பதில் சொல்லியிருக்காங்க. எங்கயோ இருக்குற இன்னொரு ஊர் தனியா அதே மாதிரி ஒரு பதிலுக்கு வந்திருந்தா நம்ம பேட்டர்ன் மேல கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

அஞ்சாவது: பேரு வைங்க, சோறு வைக்கிற மாதிரி

பேர்ல அலட்சியம் வேணாம். நல்ல பேர் வாய்ல வந்தா தான் டீம்ல, மேஸ்திரிகிட்ட, வீட்டுல பேச்சு நடுவுல அது புழங்கும். "ஆறடி பால்கனி"ன்னா பேருக்குள்ளயே தீர்வு இருக்கு. நான் முதல்ல வச்ச பேரு "காலணி எல்லை அமைப்பு", மாநகராட்சி டெண்டர் மாதிரி இருந்துச்சு. அப்புறம் "செருப்புப் படி". சொன்ன உடனே கண்ணுல படம் வருதா, அது போதும்.

ஆறாவது: மேலயும் கீழயும் முடிச்சு போடுங்க

தனித்தனியா நூறு பேட்டர்ன் எழுதி வச்சா அது சமையல் குறிப்பு டைரி. லாங்குவேஜ் ஆகணும்னா ஒவ்வொண்ணும் தனக்கு மேல ஒண்ணையும் கீழ சிலதையும் கைபுடிச்சிருக்கணும். செருப்புப் படிக்கு மேல அலெக்ஸாண்டரோட 112-வது பேட்டர்னே இருக்கு, தெருவுல இருந்து வீட்டுக்குள்ள நுழையுறது ஒரே வெட்டுல நடக்கக் கூடாது, நடுவுல வெளிச்சம், மட்டம், தரை ஏதாவது மாறுற ஒரு இடைவெளி வேணும்ங்கிறது. பக்கத்துல 242, வாசக்கதவோரம் உக்கார ஒரு பெஞ்சு, அதாவது நம்ம திண்ணை மாதிரி. கீழ என் கணக்குல, கை ஊணுற கம்பி, கால் கழுவுற குழாய், ராத்திரிக்கு ஒரு லைட்டு.

உபயோகிக்கும்போது மேலருந்து கீழ வாங்க. பெருச முதல்ல முடிவு பண்ணிட்டு சின்னதுக்கு இறங்குனா ஒவ்வொரு அடியும் முன்னாடி வச்ச அடிய முழுசாக்கும். லைட்டு எங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் வாசல நகத்துன வீடு எனக்குத் தெரியும், எங்க மாமா வீடு.

இதை ஊர் அளவுல செஞ்சு பாத்த இடம் அமெரிக்காவுல ஓரிகன் யூனிவர்சிட்டி. எழுபதுகள்ல அலெக்ஸாண்டர் குழு அங்க போயி, மொத்த கேம்பஸுக்கும் ஒரே மாஸ்டர் பிளான் போடாம, பேட்டர்ன் தொகுப்ப வச்சு அங்க படிக்கிறவங்களும் வேலை பாக்குறவங்களுமே கட்டடத்த முடிவு பண்ணட்டும்னு ஒரு முறைய வச்சாங்க. அந்த கேம்பஸ் பிளான்ல பேட்டர்ன்கள் இன்னமும் இருக்கு.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு தனியா கொஞ்சம்

உங்கள்ல பாதிப்பேர் இதுக்குத்தான் வந்திருப்பீங்க. 1987-ல கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம்னு ரெண்டு பேரு, டெக்ட்ரானிக்ஸ் கம்பெனில செமிகண்டக்டர் டெஸ்டிங் டீமுக்கு ஸ்க்ரீன் டிசைன் பண்ண உதவப் போனாங்க. அவங்களே டிசைன் பண்ணிக் குடுக்கல. அஞ்சே அஞ்சு பேட்டர்ன் எழுதிக் குடுத்துட்டு, அந்த வேலை தெரிஞ்ச டீமையே டிசைன் பண்ணச் சொன்னாங்க. ஒரு வேலைக்கு ஒரு விண்டோ. விண்டோக்குள்ள கொஞ்சம் பேன் (விண்டோவப் பிரிக்கிற கட்டம்) மட்டும். பேன் எல்லாம் ஸ்டாண்டர்டா. பெயர்ச்சொல் எல்லாம் லிஸ்ட்ல, வினைச்சொல் எல்லாம் மெனுல. மெனு சின்னதா. இதே வரிசைல முடிவு பண்ணணும், பெருசுல இருந்து சிறுசுக்கு. ஸ்க்ரீன உபயோகிக்கப் போறவங்களே டிசைன் பண்ணாங்க, நல்லாவும் வந்துச்சு. அலெக்ஸாண்டர் வீட்டுக்குச் சொன்னதும் இதத்தான், வாழப்போறவன் கைல மொழியக் குடு.

1994-ல எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடீஸ் நாலு பேரும் போட்ட புத்தகம் தான் 'டிசைன் பேட்டர்ன்ஸ்'. 23 பேட்டர்ன், ஆப்ஜெக்ட் (டேட்டாவும் அதுக்கான வேலையும் சேர்ந்த கோடு துண்டு) உருவாக்குறதுக்கு 5, அடுக்குறதுக்கு 7, ஒண்ணோட ஒண்ணு பேசுறதுக்கு 11. நல்ல புத்தகம், அதுல ஒவ்வொண்ணுக்கும் எப்ப உபயோகிக்கணும், என்ன விலை குடுக்கணும்னு தனியா பகுதியே இருக்கு. நம்ம படிக்கிறது என்னவோ கிளாஸ் படத்த (கோடோட துண்டுங்க எப்படிக் கோத்திருக்குன்னு காட்டுற படம்) மட்டும் தான். (இதே வார்ட் கன்னிங்ஹாம் 1995-ல பேட்டர்ன்கள எல்லாரும் சேர்ந்து எழுதித் திருத்த ஒரு சைட் பண்ணாரு, அது தான் உலகத்தோட முதல் விக்கி. விக்கிபீடியாவுக்குப் பாட்டி அது.)

அந்த 23-ல ஒண்ணான அப்சர்வர எடுத்து இழுபறியா எழுதிப் பாருங்க. ஒரு டேட்டா மாறுனா அதைக் காட்டுற பல இடம் மாறணும். எத்தன இடம்னு இன்னைக்குத் தெரியாது, நாளைக்கு ஒண்ணு சேரும். டேட்டாவுக்கு ஒவ்வொரு இடத்தையும் தெரிஞ்சா புதுசு சேர்றப்பல்லாம் டேட்டா கோட மாத்தணும். தெரியலன்னா ஒவ்வொருத்தரும் "மாறுச்சா மாறுச்சா"ன்னு வந்து கேட்டுட்டே இருக்கணும். அதனால, டேட்டாகிட்ட ஒரு லிஸ்ட் இருக்கட்டும், வேணுங்கிறவன் பேர் குடுக்கட்டும், மாறுனா லிஸ்ட்ல இருக்கவனுக்கெல்லாம் சத்தம் குடு, யார் எவன்னு பாக்காத. விலை: பேர் குடுத்தவன் போகும்போது பேர எடுக்கலன்னா மெமரி அடைச்சுக்கும். இப்படி எழுதிப் பாத்தவனுக்கு இன்டர்வியூல கிளாஸ் படம் மறந்தாலும் கவல இல்ல, நின்ன இடத்துலயே திரும்ப வரைவான்.

சிங்கிள்டன் (ஒரு ஆப்ஜெக்ட் மொத்த ப்ரோக்ராமுக்கும் ஒண்ணே ஒண்ணு தான் இருக்கணும்ங்கிற பேட்டர்ன்) கத வேற. முன்னாடி நான் இருந்த ஒரு கம்பெனில செட்டிங்ஸ் ஆப்ஜெக்ட்ட சிங்கிள்டனா வச்சதே நான் தான், பேட்டர்ன் உபயோகிச்சிருக்கேன்னு ரிவியூல பெருமையா வேற சொன்னேன். அப்புறம் டெஸ்ட் ஒவ்வொண்ணா ஓட்டுனா பாஸ், மொத்தமா ஓட்டுனா ஃபெயில். ரெண்டு நாள் மண்டைய பிச்சுக்கிட்டோம். ஒரு டெஸ்ட் மாத்துன செட்டிங் அடுத்த டெஸ்ட் வரைக்கும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. "ஒண்ணே ஒண்ணு தான் இருக்கணும்"ங்கிற இழுபறியே எங்களுக்கு இல்ல, "எங்கருந்தும் ஈஸியா எடுக்கணும்"ங்கிற சோம்பேறித்தனம் தான் இருந்துச்சு.

இன்னொண்ணு, இடம் மாறுனா இழுபறியும் மாறும். லிஸ்ப் மாதிரி ப்ரோக்ராமிங் மொழிகள்ல அந்த 23-ல 16 பேட்டர்ன் கண்ணுலயே படாது, இல்லன்னா ரொம்ப எளிமையாகிடும்னு பீட்டர் நார்விக் தொண்ணூறுகள்லயே காட்டிட்டாரு. இன்னைக்கு பைத்தான்ல ஃபார் லூப் எழுதுறவன் இட்டரேட்டர் (ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்குற) பேட்டர்ன எழுதுறோம்னு நெனைக்கிறதே இல்ல, மொழியே முழுங்கிடுச்சு. கட்டடத்துலயும் அதே. 105-வது பேட்டர்ன் தோட்டத்தத் தெக்குப் பாத்து வை, வெயில் படணும்னு சொல்லும், குளிர் ஊருக்கு அது சரி. சித்திர வெயில்ல மெட்ராஸ்காரனுக்கு நிழல் தான் வேணும். மூணடி பால்கனில துணி காயுற கேள்விக்கும் இது தான் பதில், நமக்கு அங்க இழுபறியே வேற, பேச்சோட சேத்து துணியும் இருக்கு. அதுக்கு நம்ம தான் ஒரு பேட்டர்ன் எழுதணும், இன்னும் யாரும் சரியா எழுதல.

ஏழாவது: வாய மூடிட்டு உக்காருங்க

1994-ல இல்லினாய்ஸ்ல பேட்டர்ன் எழுதுறவங்களுக்குன்னு ஒரு மாநாடு ஆரம்பிச்சாங்க, அங்க ஒரு வழக்கம் வந்துச்சு, கவிஞர்கள் பட்டறைல இருந்து எடுத்தது. எழுதுனவர் பக்கத்துல உக்காந்திருப்பாரு, மத்தவங்க அவர் எழுதுனதப் பத்தி அவர் அங்க இல்லாத மாதிரி பேசுவாங்க, அவர் பதிலே சொல்லக் கூடாது. கொடும தான், ஆனா வேலை செய்யும். ஏன்னா நாளைக்கு யாரோ படிக்கும்போது நீங்க பக்கத்துல நின்னு "நான் என்ன சொல்ல வந்தேன்னா"ன்னு இழுக்க முடியாது.

நான் செருப்புப் படிய நாலு பேருக்குக் குடுத்தேன், ஆபீஸ்ல ரெண்டு பேரு, கீழ் வீட்டு அக்கா, எங்க வீட்டு வேலை பாத்த மேஸ்திரி. ஆபீஸ் ஆளுங்க "சூப்பர் ப்ரோ"ன்னு முடிச்சுட்டாங்க, பைசாவுக்குப் பிரயோஜனமில்ல. அக்கா, "இது ஷூ போட்டு வர்ற பசங்களுக்கு சரி, சாக்ஸ எங்க வைக்கிறது"ன்னு கேட்டாங்க, அது நான் யோசிக்கவே இல்ல. மேஸ்திரி தான் அடிமடில கை வச்சாரு. "தம்பி, படின்னா ஆறு ஏழு இஞ்ச் தான் எடுக்கலாம், அதுக்கு மேல போனா ஏற முடியாது. ஏழு இஞ்ச்ல எங்கம்மாவ உக்கார வச்சா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். உக்காரணும்னா பதினாறு, பதினேழு இஞ்ச்சாவது இருக்கணும்ல?" நான் பதில் சொல்லாம உக்காந்திருந்தேன், விதிக்காக இல்ல, பதிலே இல்ல. ஏறுறதும் உக்காருறதும் ஒரே கல்லுல ஆகட்டும்னு எழுதுனது பாக்க அழகா இருந்துச்சு, ஆனா அதுக்குள்ள ஒரு இழுபறி ஒளிஞ்சு கிடந்திருக்கு.

அதனால இப்ப அது ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. ஒண்ணு செருப்புப் படி, கோடு காட்டுறதுக்கு மட்டும். இன்னொண்ணு அதுக்குக் கீழ் பேட்டர்ன், "கழட்டுற திண்டு", படியோட ஒரு முனைல நாற்காலி உயரத்துல, பக்கத்துல கை ஊண சுவரோ கம்பியோ. சாக்ஸுக்கு இன்னும் வழி தெரியல.

கைவசம் வச்சுக்க ஒரு எச்சரிக்க

இதே வடிவத்த வச்சு கெட்டதும் பண்ணலாம். கேன்சல் பட்டன ஒளிச்சு வைக்கிறது, கடைசி ஸ்க்ரீன்ல காச ஏத்துறது, இதுவும் திரும்பத் திரும்ப வர்ற "தீர்வு" தான், யாரோட சிக்கலுக்குங்கிறது தான் கேள்வி. 2010-ல ஹாரி பிரிக்னல் இதுக்கு 'டார்க் பேட்டர்ன்'னு பேர் வச்சாரு, 2023-ல இந்திய அரசு வழிகாட்டு விதில 13 வகைய பேர் சொல்லி பட்டியல் போட்டுத் தடுத்திருக்கு. உங்க இழுபறி லிஸ்ட்ல எல்லா வரியும் கடைக்காரன் பக்கமே இழுத்துச்சுன்னா கொஞ்சம் நிறுத்தி யோசிங்க.

கிளினிக் விஷயத்துக்கு வர்றேன். கம்பவுண்டர் அண்ணன்கிட்ட நோட்டக் காட்டுனேன், பாதி படிச்சுட்டு "படியெல்லாம் ஓனர் கட்ட விடமாட்டாருப்பா"ன்னுட்டு, அடுத்த வாரம் அந்த ஸ்டாண்ட நாலு எட்டு இழுத்து கதவுக்கு இடது பக்கம் சுவரோரமா போட்டுட்டாரு, வலது பக்கம் ஒரு பழைய பெஞ்சு. போர்டு இன்னும் தொங்குது. போன வாரம் போனப்ப முப்பதுல ஒரு இருபது ஜோடி ஸ்டாண்டுலயும் ஸ்டாண்டுக்குக் கீழயும் இருந்துச்சு, கதவுக்கு நடக்க வழியும் இருந்துச்சு. ஆனா மேல கூரை இல்ல. அதனால என் நோட்ல அந்தத் தலைப்புக்குப் பக்கத்துல இன்னும் நட்சத்திரம் போடல, ஐப்பசி மழை ஒண்ணு வந்து போகட்டும்.